மேலுமலையில் நிற்காத வண்டி

மாதேஷு,

சாப்பிட்டாயா என்று போனில் ஆரம்பித்தால் "சாப்ட்டம்மா" என்பாய். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்தால் "அப்பறம் பேசறம்மா, மீட்டிங் கீது" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதியதை நீ பாதியில் துண்டிக்க முடியாது. மடித்து வைத்தாலும் என்றாவது ஒரு நாள் எடுத்துப் படித்துத்தான் ஆக வேண்டும். ஜெர்மனிக்கு விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் கிளம்புகிறீர்கள் என்று நந்தினி சொன்னாள். நல்லது, போய் வாருங்கள். இன்னொன்றும் சொன்னாள். அப்பா போன நாளிலிருந்து நீ அந்த நீல ஸ்போர்ட்ஸ் வண்டியைத் தொடவே இல்லையாம். பெங்களூர் வீட்டின் கீழ்த்தளத்தில் உறை போட்டு மூடி வைத்துவிட்டு, வாங்குவதற்கு ஆள் தேடுகிறாயாம். "நான்தான் அப்பாவக் கொன்னுட்டன்னு ஒரு வாட்டி சொன்னாரு அத்த, அதுக்கப்பறம் வாயே தொறக்கல" என்று உன் மனைவி என்னிடம் அழுதாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

நம் பாகலூர் ரோட்டு வீட்டு வாசலில் உன் நீல வண்டியையும் அப்பாவின் அம்பாசடரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி நீ படம் எடுப்பாய். தெருப் பையன்கள் உன் வண்டியைச் சுற்றி நிற்பார்கள், வயதானவர்கள் அப்பாவின் வண்டியைத் தட்டிப் பார்த்து "இரும்புன்னா இது இரும்பு" என்பார்கள். நீ இரண்டையும் ஒப்பிட்டுப் பேசிக்கொண்டே இருப்பாய். "உன்னுது மாதிரி இன்னிக்கு எவனும் செய்ய மாட்டான்ப்பா, அதுல ஒரு உயிர் கீது" என்பாய். அப்பா சும்மா சிரிப்பார். அந்தச் சிரிப்பு உன் பேச்சை ஒப்புக்கொண்டதால் வந்தது என்று நீ நினைத்தாய். நானும் உன்னைத் திருத்தவில்லை.

அம்பாசடர் உனக்குப் பொம்மை மாதிரி. நிறுத்தி வைத்திருக்கும்போது டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, வாயால் என்ஜின் சத்தம் போட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருப்பாய். அப்பாவுக்கு அது வேலை. காலையில் ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டாக்ஸி ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்தினால், கல்யாணமோ பிரசவமோ திருப்பதியோ, யார் கூப்பிட்டாலும் போக வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு தோளும் வேண்டும். கிளட்சை மிதித்து மிதித்து அவருடைய இடது முழங்கால் தேய்ந்தது. சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது, அவர் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஓட்டும்போது பாட்டுப் போட மாட்டார், பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. காது முழுக்க என்ஜின் மேலேயே இருக்கும். எந்தச் சத்தம் புதிது, எந்த வாசனை புதிது, சூடு காட்டும் ஊசி எந்த இடத்தில் நிற்கிறது, இதே கவலை. ஒரு நாளும் அவர் அந்த வண்டியில் நிம்மதியாகப் போனதில்லை, மாதேஷு. மற்றவர்கள் நிம்மதியாகப் போவதற்காக ஓட்டினார்.

அவர் ஸ்டாண்டை விட்ட வருடம், நீ அந்த வண்டியைப் பெங்களூருக்கு எடுத்துப் போய், பழைய வண்டிகளை மட்டும் பார்க்கும் பட்டறையில் விட்டு, பால் நிறத்தில் பெயிண்ட் அடித்து, பம்பர் எல்லாம் பளபளக்கக் கொண்டுவந்து நிறுத்தினாய். எத்தனை ஆசையாகச் செய்தாய் என்று எனக்குத் தெரியும். "எல்லாத்தயும் மாத்திட்டன்ப்பா. பின் சீட்டு மட்டும் பழசு, அப்படியே வெச்சிருக்கன். தைக்கக்கூட விடல" என்றாய். அப்பா பின் கதவைத் திறந்தார். அந்த சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா கீதுடா" என்று சொல்லிவிட்டு, தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பது போல மெதுவாகக் கதவைச் சாத்தினார். அதன் பிறகு அவர் அதை ஓட்டவே இல்லை. ஏன் ஓட்ட மாட்டேன் என்கிறார் என்று நீ கேட்டாய், முழங்கால் வலி என்று சொன்னோம். சமையல்கட்டில் என்னிடம் மட்டும், "மம்பட்டிக்கு நகை போட்டு நடு ஊட்ல மாட்டன மாதிரி கீதுமே" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். பின் சீட்டைப் பற்றி இருவருமே பேசவில்லை.

உன் வண்டி விஷயத்தில் அவர் வேறு மனிதர். நீ அசந்து தூங்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவர் மட்டும் வாசலுக்குப் போய், அதைச் சுற்றிச் சுற்றி வருவார். ஒரு தடவை சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "இங்க பாரும்மே, இம்மாம் பெரிய பிரேக்கு வெச்சிருக்கான். வேகமா போறதுக்குச் செஞ்ச வண்டில நிக்கறதப் பத்தி எவ்ளோ யோசிச்சிருக்கான் பாரு." எனக்கு அந்த வண்டி பிடிக்காது. தரையோடு ஒட்டி இருக்கும், ஏறி உட்கார்ந்தால் படுத்த மாதிரி இருக்கும், எழுந்திருக்க ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். ரோட்டில் கிடக்கும் சின்னக் கல்கூட முதுகெலும்பில் தெரியும். ஆனால் அப்பா அந்த வண்டியைப் பார்த்த பார்வையில் ஏக்கம் இருந்தது. வயதான காலத்தில் எதற்கு இந்த ஆசை என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அப்பா போவதற்குச் சில மாதம் முன்பு, களைப்பாக இருக்கிறது என்று பெங்களூரில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினோம். உன்னிடம் பிரஷர் மாத்திரை கொடுத்தார் என்று மட்டும் சொன்னோம். உண்மையில் அவருடைய இதயம் ரொம்பவும் பலவீனமாகிவிட்டது, ஆபரேஷனை உடம்பு தாங்காது, எப்போது வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் ஆகலாம், அலைச்சலும் பதற்றமும் கூடாது என்றார் டாக்டர். ஆட்டோவில் திரும்பும்போது அப்பாதான் சொன்னார்: "அவன்கிட்ட சொல்லாத. லீவப் போட்டுட்டு வந்து என் மூஞ்சியவே பாத்துக்கினு உக்காந்திருப்பான். அதெல்லாம் வேணாம்." நான் சரி என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீதான் அவரை வற்புறுத்தி வண்டியில் ஏற்றினாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். "ஒரு ரவுண்டு போலாம்ப்பா" என்று நீ கூப்பிட்டபோது, "சரி, ஆசப்படற, வா" என்று உனக்காக வருகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டாரே, அது நடிப்பு. நீ எழுந்திருப்பதற்கு முன்பே அவர் சவரம் செய்து, வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்துவிட்டார். என்னிடம் வந்து, "இன்னிக்கு அவன் வண்டில மேலுமலை ஏறணும். நீயும் வா. பின்னாடி உக்காரு" என்றார். "டாக்டர் சொன்னது ஞாபகம் கீதுங்களா?" என்று கேட்டேன். "கீது. அதான் இன்னிக்கே போலாங்கறன்" என்றார். புடவை மாற்றிக்கொண்டு வந்தேன்.

கிருஷ்ணகிரி ரோட்டில் போகும்போது மேலுமலை இறக்கம். சூளகிரி தாண்டி, மலையிறங்கி, குருபரப்பள்ளி பக்கம் போய்த் திரும்பினாய். அதுவரை அவருடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. "அப்பா, பிரேக்கு என்கிட்டதான் கீது" என்று நீ சிரித்தாய். திரும்பி ஏற்றம் தொடங்கியபோது அவர் கால் நின்றுவிட்டது. இடது பக்கத்தில் லாரிகள் வரிசையாக முனகிக்கொண்டு ஏறின. உன் வண்டி ஏற்றம் என்று காட்டிக்கொள்ளவே இல்லை. லாரிகள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. அப்பா நெஞ்சில் கை வைத்தார். அவர் அழுவதை நீ கவனித்துவிட்டாய். "என்னப்பா, நெஞ்சு வலிக்குதா? நிறுத்தட்டா?" என்று வேகத்தைக் குறைத்தாய். "நிறுத்தாத" என்றார். நீ மறுபடியும் அவர் பக்கம் திரும்பினாய். "நிறுத்தாதடா. போ. போய்க்கினே இரு" என்று கத்தினார். நீ போனாய். மேலே ஏறிய பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்ல வண்டிடா" என்றார். அவர் வலியில் துடித்தபோது நிறுத்தாமல் ஓட்டிவிட்டேன் என்றுதானே நீ நினைத்து நினைத்துச் சாகிறாய்? நீ சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பின்னாலிருந்து பக்கத்துக் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வலி இல்லை.

உன் அக்கா மலரை உனக்குச் சுவரில் மாட்டிய படமாகத்தான் தெரியும். காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லியிருக்கிறோம். அது பொய்யில்லை, ஆனால் முழுவதும் சொல்லவில்லை. அது மாங்காய்ப் பருவம். உங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு நாகரசம்பட்டிக்கு, என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். அவளுக்கு இன்னும் பள்ளிக்கூடம் போகும் வயது வரவில்லை. காய்ச்சல் வந்து, காலையில் வலிப்பு வந்தது. அப்பா நம்மை அழைத்துப் போக முதல் நாளே வண்டியோடு வந்திருந்தார். உன்னை என் அண்ணியிடம் கொடுத்துவிட்டு, அவளை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கிருந்த டாக்டர் பார்த்துவிட்டு, "இங்க முடியாதும்மா, பெங்களூருக்குக் கொண்டு போங்க, தாமசம் பண்ணாதீங்க" என்றார். பின் சீட்டில் அவளை மடியில் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்தேன். உச்சி வெயில். அப்போது ரோடு இவ்வளவு அகலமில்லை. மேலுமலை ஏற்றத்தில் லாரிகள் அடைத்துக்கொண்டு ஊர்ந்தன, முந்திப் போக இடமில்லை. பாதி ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வெயிலில், அந்த ஏற்றத்தில், எந்த வண்டியாக இருந்தாலும் கொதித்திருக்கும்.

அப்பா இறங்கி பானெட்டைத் திறந்தார். ஆவி அவரையே மறைத்தது. ஒரு லாரிக்காரர் தானாக நிறுத்தி, "நீள்ளு உன்னாயி அன்னா, தீஸ்கோ" என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே தண்ணீர் கேனோடு ஓடி வந்தார். ஆனால் சூட்டோடு ஊற்ற முடியாது, கொஞ்சம் ஆற வேண்டும். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அப்பா ரேடியேட்டர் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்த மலரின் விரல்கள் அப்போதுதான் விட்டுப் போயின. எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சத்தம் போடவில்லை. அவர் தண்ணீர் ஊற்றி, பானெட்டை அடித்துச் சாத்தி, ஓடி வந்து உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். ஒரே தடவையில் என்ஜின் பிடித்தது. "பாப்பா எப்படி கீறா?" என்றார். "தூங்கறா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? நடுரோட்டில் அவர் உடைந்துவிடுவார் என்று பயந்தேனா, அவர் ஓட்டிக்கொண்டிருக்கும் வரை அவள் உயிரோடு இருக்கிறாள் என்று எனக்கே தோன்றியதா, இன்றுவரை தெரியவில்லை. அந்த வண்டி எவ்வளவு ஓடுமோ அவ்வளவும் ஓட்டினார். சூளகிரி நெருங்கும்போது கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். மெதுவாக ஓரம் கட்டினார். ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

பெங்களூர் போயிருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று சொல்ல முடியாது என்றுதான் டாக்டர் பிறகு சொன்னார். அது அப்பாவின் காதில் ஏறவே இல்லை. "நிக்காம போயிருந்தா" என்பதோடு அவர் நின்றுவிட்டார். அடுத்த வாரமே அதே வண்டியை ஸ்டாண்டுக்கு எடுத்துப் போனார். நமக்குச் சோறு போட்டது அதுதானே. அந்தப் பின் சீட்டில் எத்தனையோ பேர் சிரித்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார்கள். மேலுமலை அடிவாரம் வந்தால் வண்டியை நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் பார்த்து, அதன் பிறகுதான் ஏறுவார். கூப்பிட்டுப் போகிறவர்கள் திட்டினாலும் நகர மாட்டார். உன்னை மட்டும் அந்த வண்டியில் எங்கேயும் ஏற்றிப் போனதில்லை. "ஊட்ல காரு கீது, நான் மட்டும் நடந்து போறன்" என்று பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அழுவாய். "கஸ்டமரு வண்டிடா அது" என்பார். அப்பா உன்னை ஒதுக்குகிறார் என்று நினைத்தாய். பெரியவனான பிறகும் ஒரு தடவை என்னிடம் கேட்டாய். அவர் உன்னை ஒதுக்கவில்லை, கண்ணு. இன்னொரு குழந்தையை அந்த சீட்டில் உட்காரவைக்க அவருக்குக் கை வரவில்லை.

இப்போது சொல், "நிறுத்தாத" என்று அவர் ஏன் கத்தினார்? அந்த ஏற்றத்தில் நிற்காமல் போக வேண்டும் என்று இத்தனை வருடம் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். நீ ஓட்டிக் காட்டினாய். வீட்டுக்கு வந்து அன்று மத்தியானம் களியும் கீரையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நீ பெங்களூர் கிளம்பிப் போன பிறகு, "இன்னிக்கு நிக்கல, பாத்தியா?" என்றார். "பாத்தன். அழுதீங்களே" என்றேன். "நீ பின்னாடி உக்காந்திருந்தியா, உன் மடில அவ இருக்கற மாதிரியே இருந்துச்சு. கொண்டாந்து சேத்துட்டம்மே" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அழுதோம். அத்தனை வருடத்தில் அவளுக்காகச் சேர்ந்து அழுதது அன்றுதான். மூன்றாம் நாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

அந்த ஓட்டத்துக்கும் அவர் போனதற்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உனக்கு ஆறுதலுக்காகப் பொய் சொன்னால் நீ கண்டுபிடித்துவிடுவாய். டாக்டரைக் கேட்டேன், அவராலும் சொல்ல முடியவில்லை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் தெரிந்தே அவர் போனார். தெரிந்தே நான் கூட வந்தேன். அதைத் தவறென்று இன்றும் நான் நினைக்கவில்லை. மூன்று பேரில் ஒன்றும் தெரியாமல் வந்தவன் நீ ஒருவன்தான். தெரியாதவன் மட்டும் தலையில் தூக்கிச் சுமப்பது என்ன நியாயம்? உன் அப்பா யாருடைய தப்புமில்லாத ஒன்றைத் தன் தப்பென்று எடுத்துக்கொண்டு ஆயுள் முழுக்க வாழ்ந்தார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவில்லை, உன்னைத் தூக்கிக் கொஞ்ச வேண்டிய வயதில் கொஞ்சவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதே வேலையை நீயும் ஆரம்பித்திருக்கிறாய். இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது, மாதேஷு. அவரோடு அது முடிந்துபோகட்டும்.

வெளிநாடு போகிறவன் வண்டியை விற்றுத்தான் ஆக வேண்டும். விற்றுக்கொள். ஆனால் கொலைகாரனைப் போலீஸில் ஒப்படைப்பது மாதிரி விற்காதே. வாங்குகிறவரிடம், இந்த வண்டி என் அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று சொல்லிக் கொடு. அம்பாசடரைக் கேட்டு நெடுஞ்சாலை ஹோட்டல்காரர் ஒருவர் வந்திருந்தார், வாசலில் நிறுத்தி வைத்தால் ஜனங்கள் படம் எடுத்துக்கொள்வார்களாம். பின் சீட்டைக் கழற்றி எங்களிடம் கொடுத்துவிட்டு எடுத்துப் போங்கள் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சரி என்றார். அந்த சீட்டை என்ன செய்வது என்று நீயும் நானும் சேர்ந்து முடிவு செய்யலாம்.

கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் நீல வண்டியில் வா. நந்தினியையும் கூட்டிக்கொண்டு வா. நான் அவள் பக்கத்தில் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன், எழும்போது யாராவது கை கொடுங்கள். வேகமாகப் போக வேண்டியதில்லை. மேலுமலையில் எங்காவது நிறுத்தித் தேநீர் குடிக்க வேண்டும் போலிருந்தால் நிறுத்தலாம், அங்கே நிற்பதற்கு இனி யாரும் பயப்பட வேண்டாம். நேராக நாகரசம்பட்டி போவோம். என் அண்ணன் மாந்தோப்பின் கிழக்கு ஓரத்தில்தான் மலரைப் புதைத்தோம். கல்லோ மேடோ இல்லை, இடம் எனக்குத் தெரியும். அப்பா ஒவ்வொரு தடவையும் ரோட்டோரமே நின்றுவிடுவார், நான் மட்டும் போய்வருவேன். உன்னை இதுவரை அழைத்துப் போனதில்லை. இந்தத் தடவை நீ என்னோடு வா. அவள் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது நீ நடக்கக்கூடப் பழகியிருக்கவில்லை.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா